விலகிச் சென்ற சிறுகோளும் நெருங்கி வந்த தலைப்பும்

எங்கள் வீட்டுக்குப் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் நாளிதழின் ஆசிரியருக்கு 2025 பிப்ரவரியில் ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். நகரங்களை அழிக்கவல்ல விண்கல் ஒன்று பூமியை நோக்கிப் பாய்ந்து வருவதாகவும், நாசா எச்சரிக்கை விடுத்திருப்பதாகவும் அந்த நாளிதழ் தன் முதல் பக்கத்தில் தலைப்பிட்டிருந்ததே அதற்குக் காரணம். நாளிதழின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே தொனியில் வேறு பல ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அந்த வாரங்களில் முழங்கிக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் தனியே நிறுத்திவைத்துத் தூற்றுவது நியாயமாகாது.

செய்திக்கு உரிய சிறுகோளின் பெயர் 2024 ஒய்ஆர்4. சிலி நாட்டின் ரியோ உர்ட்டாடோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதனை 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பே, டிசம்பர் 25 அன்று, அது பூமிக்கு ஏறத்தாழ 8 லட்சத்து 29 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில், அதாவது நிலவு இருக்கும் தொலைவைப் போல இரு மடங்குக்கும் மேலான தொலைவில், நம்மைக் கடந்து போய்விட்டிருந்தது. எனவே, அப்படி ஒன்று இருப்பதை மனிதர்கள் அறிந்த நாளிலிருந்தே அது நம்மை விட்டு விலகித்தான் சென்றுகொண்டிருந்தது. முதல் பக்கத் தலைப்பு அச்சேறிய நாளில் இன்னும் வெகுதூரம் போயிருந்தது. சூரியனைச் சுற்ற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் அது மறுபடி நம் பக்கம் தலைகாட்டுவது 2028 டிசம்பரில். அறிவியலாளர்கள் கணக்கிட்டுக்கொண்டிருந்ததோ அதற்கும் அடுத்த சுற்றில், 2032 டிசம்பர் 22 அன்று, அது பூமியில் மோத வாய்ப்பு உண்டா என்பதை. விலகிச் செல்லும் ஒன்றை நோக்கி வருவதாக எழுதுவதை மிகைப்படுத்தல் என்று சொல்லி மன்னிக்க முடியாது என்றும், அது தகவல் பிழை என்றும் என் கடிதத்தின் முதல் பத்தியில் குறிப்பிட்டேன்.

இரண்டாவது பத்தி சதவீதங்களைப் பற்றியது. மோதல் வாய்ப்பு ஜனவரி 27 அன்று 1 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வரம்பைத் தாண்டினால் பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு முறைப்படி அறிவிப்பு வெளியிட வேண்டும் என்பது ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்த நடைமுறை என்பதால், ஜனவரி 29 அன்று அறிவிப்பு வெளியானது. பிப்ரவரி 18 அன்று நாசாவின் கணக்கு 3.1 சதவீதத்தைத் தொட்டது. உருவத்தில் இதன் அளவோ இதைவிடப் பெரிய அளவோ உள்ள எந்தச் சிறுகோளுக்கும் அதுவரை பதிவாகாத உச்சம் அது என்பது உண்மைதான். மறுநாள் அது 1.5 ஆனது, அதற்கும் மறுநாள் 0.28 ஆனது, பிப்ரவரி 24 அன்று 0.004 என்ற நிலைக்கு வந்து, 2032-இல் பூமிக்கு ஆபத்து ஏதும் இல்லை என்பது உறுதியாயிற்று. ஏறியபோது ஒவ்வொரு படியும் எங்கள் நாளிதழில் செய்தியானது. இறங்கியபோது உள்பக்கத்தில், ஒரு காலம் (column) அகலச் செய்தியாக, வானிலை முன்னறிவிப்புக்குக் கீழே இடம் கிடைத்தது.

சதவீதம் ஏன் ஏறியது என்பதை ஒருவரும் விளக்காததே எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஒரு சிறுகோளைச் சில வாரங்கள் மட்டுமே கவனித்திருக்கும் நிலையில், ஏழெட்டு ஆண்டுகள் கழித்து அது எங்கே இருக்கும் என்பதை ஒற்றைப் புள்ளியாகக் குறிக்க முடியாது. அது இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் சேர்த்து வரைந்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளும் ஒரு பட்டை கிடைக்கும். எளிமையாகச் சொன்னால், அந்தப் பட்டையில் பூமி எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே மோதல் வாய்ப்பு. தொலைநோக்கிகள் மேலும் மேலும் அளக்கும்போது பட்டை சுருங்குகிறது. சுருங்கிய பட்டைக்குள்ளும் பூமி இருந்துகொண்டே இருக்கும்வரை, பூமியின் அளவு மாறாததாலும் பட்டையின் அளவு குறைவதாலும், வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி நகர்ந்துவிட்ட கணத்தில் அது சட்டென்று பூஜ்யத்தை நோக்கிச் சரியும். ஆகவே ஏற்றமும் அதனைத் தொடரும் வீழ்ச்சியும் முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்டவை. வாய்ப்பு முதலில் உயர்ந்து பிறகு பூஜ்யத்துக்கு இறங்கக்கூடும் என்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஜனவரி மாத இறுதியிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தது. ஆபத்தைப் பொதுமக்களுக்குப் புரியவைப்பதற்கென்றே 1999-இல் டூரின் நகரில் ஏற்கப்பட்ட டொரினோ அளவுகோலில் இந்தச் சிறுகோளுக்குக் கிடைத்தது 10-க்கு 3. வானியலாளர்கள் கவனிக்க வேண்டிய பொருள், பெரும்பாலும் புதிய அளவீடுகளால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும் என்பதே அந்த எண்ணின் விளக்கம். இவ்வளவையும் எட்டு வரியில் எழுதிவிடலாம். அந்த எட்டு வரிக்கு இடமில்லாத முதல் பக்கத்தில், தீப்பிழம்பாகப் பூமியின் மீது இறங்கும் பாறையின் கற்பனைப் படத்துக்கு மட்டும் நான்கு காலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இது ஒரு தடவை நிகழ்ந்த தவறாக இருந்திருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அநேகமாக மாதந்தோறும் ஏதேனும் ஒரு ராட்சத விண்கல் நம் நாளிதழ்களில் பூமியை நெருங்குகிறது. ஒவ்வொரு தடவையும் நாசா எச்சரிக்கிறது. நாசா அப்படி எதையும் எச்சரிப்பதில்லை. கலிபோர்னியாவில் உள்ள அதன் ஜெட் உந்துவிசை ஆய்வகம், பூமிக்கு 75 லட்சம் கிலோமீட்டருக்குள் வரப்போகும் அடுத்த ஐந்து சிறுகோள்களின் விவரங்களைத் தன் இணையதளத்தில் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது. பேருந்து அளவு, வீட்டு அளவு, விமான அளவு என்று அந்தப் பட்டியலே ஒப்புமை தருகிறது; அதில் கொஞ்சம் நாசாவுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 75 லட்சம் கிலோமீட்டர் என்பது நிலவின் தொலைவைப் போல ஏறத்தாழ 19 மடங்கு. அந்த எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக மணிக்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வேகம் என்பதைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. சூரியனைச் சுற்றும் எதுவும் அந்த மாதிரி வேகத்தில்தான் போகும் என்பதையும், இந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருக்கும் வாசகரையும் அவர் கையிலுள்ள தேநீரையும் சுமந்துகொண்டு பூமியே நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதையும் யாரும் தலைப்பில் போடுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனிப்பட்ட அனுபவமும் உண்டு. 2016 பிப்ரவரி 6 அன்று நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் நிகழ்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் அறிக்கை கூறியது. உடனே, வரலாற்றில் விண்கல்லால் இறந்த முதல் மனிதர் என்று உலகெங்கும் செய்தி பரவியது. வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்களோ, நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பைப் போலத்தான் தெரிகிறது என்றனர். தலைப்பின் வேகத்துக்கு அந்த மறுப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. இன்றும் அந்தப் பகுதிக்காரர்களிடம் கேட்டால் விண்கல் என்றே சொல்வார்கள் என்று நினைக்கிறேன். நாட்றம்பள்ளி இருக்கும் அதே திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்; கணித மேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கி, 4130 என்ற எண்ணுடன், அது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிறுகோள்களைப் பற்றித் தமிழ்நாட்டு நாளிதழ் எழுத விரும்பினால் அடிவாரத்துக்குப் போய் மேலே ஏறினால் போதும். அப்படி ஏறிப் போய் எழுதப்பட்ட முதல் பக்கச் செய்தி ஒன்றையும் நான் படித்த நினைவில்லை.

கடிதத்துக்கு மறுமொழி தொலைபேசியில் வந்தது. செய்திப் பிரிவில் பொறுப்பில் இருக்கும் ஒருவர், மிகுந்த மரியாதையுடன், நான் குறிப்பிட்ட விவரங்கள் எல்லாம் சரி என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டு வாதங்களை வைத்தார். தலைப்பு வாசகரை உள்ளே இழுப்பதற்கானது, செய்திக்குள் சதவீதமும் ஆண்டும் சரியாகத்தானே இருக்கின்றன என்பது முதல் வாதம். படிப்பவருக்கு ஒரு பரபரப்பு, அவ்வளவுதான், இதனால் யாருக்கு என்ன நஷ்டம் சார் என்பது இரண்டாவது.

முதல் வாதத்துக்கு அறிவியலிலேயே விடை இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உல்ரிச் எக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், திசைதிருப்பும் தலைப்பானது செய்தியை முழுமையாகப் படித்தவர்களின் நினைவையும் அவர்கள் வந்தடையும் முடிவையும்கூடப் பாதிக்கிறது என்று காட்டினார்கள். தலைப்பு எதை முக்கியம் என்று சொல்கிறதோ அதற்கேற்பவே மனம் உள்ளிருப்பதை அடுக்கிக்கொள்கிறது. இது முழுவதும் படிப்பவர்களின் நிலை. தலைப்பை மட்டும் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் இக்காலத்தில், செய்திக்குள் இருக்கும் சரியான சதவீதம் யாருடைய கண்ணில் படும்? இந்தியப் பத்திரிகை மன்றத்தின் இதழியல் நடத்தை நெறிகளில், தலைப்பு அதன் கீழ் அச்சிடப்பட்டிருக்கும் செய்தியைப் பிரதிபலிக்க வேண்டும், அச்செய்தியால் நியாயப்படுத்தப்பட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. பிரிட்டனின் பத்திரிகை ஆசிரியர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறித்தொகுப்பும், செய்தியின் ஆதரவு இல்லாத தலைப்பைத் துல்லியம் பற்றிய முதல் விதியிலேயே குற்றமாகச் சேர்த்திருக்கிறது. உள்ளே சரியாக இருக்கிறது என்பது தலைப்புக்குத் தற்காப்பு ஆகாது. உள்ளே சரியாக இருந்தும் வெளியே மாற்றி எழுதினார்கள் என்றால் தெரிந்தே எழுதினார்கள் என்றுதான் பொருள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வியைச் சிறுகோளை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றே தோன்றும். வேறு அறிவியல் செய்திகளுக்கும் இதே கைதான் தலைப்பு எழுதுகிறது என்பதை நினைவுபடுத்தினேன். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. அந்த முறை உண்மையாகவே அதிகாரபூர்வமான எச்சரிக்கைதான் வந்தது. ஆனால் இரு மடங்கு என்பது, பழைய மாத்திரை எடுத்த 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது புதிய மாத்திரையில் 7,000-க்கு இருவர் ஆயிற்று என்பதே. ஆபத்து நூறு சதவீதம் கூடியதாக மட்டும் கேள்விப்பட்ட பெண்கள் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று மதிப்பிடப்படுகிறது. கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் உள்ள கொடுமை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற ஒரே ஒரு விவரம் தலைப்பில் இல்லாமல் போனதன் நஷ்டம் அது. மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, அது வெளிநாடு சார் என்றார்.

பழியை எல்லாம் நாளிதழ் மேல் போடுவதும் சரியில்லை. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை, அவற்றுக்கு அடிப்படையான ஆய்வுக் கட்டுரைகளோடும் பின்னால் வந்த செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் மக்களுக்கான அறிவுரை மிகைப்படுத்தப்பட்டிருந்தது. விலங்குகளில் செய்த ஆய்வை மனிதருக்கு நீட்டிச் சொல்வது 36 சதவீதத்தில் இருந்தது. விலங்கு விஷயத்தில் குறிப்பே மிகைப்படுத்தியிருந்தபோது 86 சதவீதச் செய்திகளும் அப்படியே மிகைப்படுத்தின. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதச் செய்திகளே அந்தத் தவறைச் செய்தன. அதாவது, எலியில் கண்டதை மனிதருக்குக் கண்டதாக எழுதும் பழக்கம் பெரும்பாலும் செய்தி அறைக்கு வெளியிலேயே, பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவிலேயே, தொடங்கிவிடுகிறது. இரவு பதினொரு மணிக்குச் செய்தி முகமையின் ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கி, பக்கம் அச்சுக்குப் போவதற்குள் தலைப்பும் வைக்க வேண்டிய உதவி ஆசிரியருக்கு எதையும் சரிபார்க்க அவகாசம் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு காலத் தலைப்பில் நான்கு சொல் அடங்கினாலே பெரிது. அந்த நான்கில் ஒன்று எச்சரிக்கை என்பதாக இருக்க வேண்டிய கட்டாயம் மட்டும் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் கடிதத்தின் ஒரு பகுதி ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில் வெளியாயிற்று. விலகிச் செல்வதை நோக்கி வருவதாக எழுதியதைப் பற்றிய பத்தி அதில் இல்லை. அறிவியல் செய்திகளை எளிய தமிழில் தருவதற்காக நான் பாராட்டியிருந்த தொடக்க வரி மட்டும் முழுதாக இருந்தது. பத்திரிகை மன்றத்துக்குப் போகலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நாளிதழ் என்றால் செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள், முதலில் ஆசிரியருக்கு எழுதிவிட்டு, அந்தக் கடிதப் போக்குவரத்தின் நகலோடு மன்றத்துக்கு முறையிடலாம். 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் விதிக்க முடியாது. சாதி, மத மோதல்களைத் தூண்டும் தலைப்புகளைக் கவனிக்க வேண்டிய மன்றத்தின் நேரத்தைச் சிறுகோளுக்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. தி இந்து 2006-இல் கே. நாராயணனை நியமித்ததைப் போல, ஆசிரியர் குழுவுக்குக் கட்டுப்படாத வாசகர் ஆசிரியர் ஒருவர் எங்கள் நாளிதழிலும் இருந்தால், இத்தகைய புகார் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துபோகும். தமிழ் நாளிதழ்கள் அதைச் செய்வதற்குப் பணம் ஒரு தடை என்று நான் நம்பவில்லை.

எனவே அதே ஆசிரியருக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், இம்முறை முன்கூட்டியே. ஏறத்தாழ 340 மீட்டர் குறுக்களவுள்ள அபோபிஸ் என்ற சிறுகோள் 2029-இல் பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் இருக்கும் உயரத்தைவிடவும் நெருக்கமாக, கடந்து செல்லப் போகிறது. 2004 டிசம்பர் 27 அன்று அதன் மோதல் வாய்ப்பு 2.7 சதவீதத்தைத் தொட்டது. ஆழிப்பேரலை அடித்த மறுநாள் அது, யாருக்கும் அதைப் பற்றி எழுத மனமோ இடமோ இல்லை. அதே ஆண்டு மார்ச் மாதப் படங்களில் அது தற்செயலாகப் பதிவாகியிருந்தது தெரியவந்ததும் 2029-க்கான ஆபத்து நீங்கியது. 2021 மார்ச்சில் ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு, அடுத்த நூறு ஆண்டுகளுக்காவது மோதாது என்று நாசா அறிவித்துவிட்டது. கிழக்கு அரைக்கோளத்தின் பல பகுதிகளில் வெறும் கண்ணாலேயே அதைப் பார்க்க முடியும்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. அது மிக நெருங்கி வரும் நேரம், இந்தியக் கணக்கில், ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணியளவு. அன்று சித்திரை முதல் நாள், கிழமை சனி, சிறுகோளுக்கோ இருளுக்கும் குழப்பத்துக்கும் உரிய எகிப்தியத் தெய்வத்தின் பெயர். புத்தாண்டு ராசிபலன் இணைப்பு அச்சாகும் அதே இரவில் இந்தத் தலைப்பையும் ஒருவர் எழுதப் போகிறார். அவருக்காக, 32,000 என்ற எண்ணும் மோதாது என்ற சொல்லும் அடங்கிய தலைப்புகள் சிலவற்றை, ஒரு காலத்துக்கும் மூன்று காலத்துக்கும் அளவு பார்த்து, கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன்.